எழுத்துக்கு இடம் விட்டபின் மலை: கற்பனை நிலப்படத்தைக் கையால் வரைவது

கற்பனை உலகத்துக்கு வரைபடம் போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையில் தொடங்குவார்கள். அடுத்து மலை, காடு, ஆறு, ஊர். எல்லாம் வரைந்து மை காய்ந்த பிறகு பெயர் எழுத இடம் தேடுவார்கள். அப்போது தலைநகரின் பெயர் பாதி மலைமேல் ஏறி நிற்கும். ஆற்றின் பெயர் காட்டுக்குள் புகுந்து காணாமல் போகும். கையால் வரைந்த படங்கள் கெடுவதற்கு வரையத் தெரியாதது அவ்வளவாகக் காரணமில்லை. வரிசை தப்புவதுதான் காரணம். பென்சிலை அழிக்கலாம். மையை அழிப்பது பெரும்பாடு. மைமேல் தவறாக ஏறிய வண்ணத்தை ஒன்றுமே செய்ய முடியாது. எது முதலில், எது அதற்குமேல் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இங்கே சொல்வதெல்லாம் ஏ3 தாளில் மைக்கோடும் வாட்டர்கலரும் சேர்த்துப் போடும் படத்தை மனதில் வைத்து.

தாள்

300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாள்தான் இதற்குச் சரி. அதன் முகம் வழவழப்பாக இருப்பதால் நிப் தடையில்லாமல் ஓடும். கோல்டு பிரஸ் தாள் சொரசொரப்பானது, 0.2 மி.மீ. கோடு அதன் மேட்டில் மட்டும் பட்டு, பள்ளத்தை விட்டுவிடும். மலையின் நிழலுக்குப் போடும் நுண்கோடுகள் புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். பிரிஸ்டல் போர்டு என்ற வழவழப்பான அட்டையில் பேனா அருமையாக ஓடும், ஆனால் பெரிய வாஷ் (நீர்த்த வண்ணத்தை அகலமாகப் பூசுவது) ஒன்று போட்டதுமே தாள் வளைந்து எழும்பிவிடும். முழுப் பருத்தித் தாள் தண்ணீரை நன்றாகத் தாங்கும். கூர்மையான நிப் மட்டும் அதன் இழையைக் கிளப்பும். பேனா வேலை அதிகமென்றால் மரக்கூழ்த் தாளே போதும். அகலமான கடல், படிப்படியாக மங்கும் வாஷ் என்று தண்ணீர் வேலை அதிகமென்றால் பருத்தி.

ஏ3 தாளில் 300 ஜி.எஸ்.எம். கூட பெரிய வாஷுக்குக் கொஞ்சம் வளையும். அதனால் எதுவும் வரைவதற்கு முன்பே தாளை இழுத்து ஒட்டிவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, மரப்பலகைமேல் விரித்து, நான்கு பக்கமும் பசைத்தாள் டேப்பை நனைத்து ஒட்டி, பலகையைப் படுக்கைவாக்கில் வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். பலகையைச் சாய்த்துக் காயவைத்தால் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி, அந்தப் பக்க டேப் ஊறிக் கழன்றுவிடும். மாஸ்கிங் டேப் ஈரத்தாளில் ஒட்டாது. கடலுக்கு வாஷே போடப்போவதில்லை, ஆங்காங்கே மட்டும் வண்ணம் என்றால், உலர்ந்த தாளை நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டினால் போதும்.

பழைய தாள் போன்ற நிறம் வேண்டுமென்றால் அதற்கும் நேரம் இதுதான். ரா அம்பரில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்து, நிறைய நீர் விட்டு, தாள் முழுக்க ஒரு வாஷ். தேயிலை வடிநீரால் சாயமேற்றுவது பலர் சொல்லும் வழி. அதிலுள்ள டானின் காலப்போக்கில் தாளை எப்படிப் பழுப்பாக்கும் என்பது நம் கையில் இல்லாததால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓரத்தைத் தீயில் கருக்குவது வேண்டவே வேண்டாம். கருகிய ஓரம் தொடும்போதெல்லாம் உதிரும்.

அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஏ3 தாள் 420 × 297 மி.மீ. சுற்றிலும் 25 மி.மீ. ஓரம் விட்டால் 370 × 247 மி.மீ. மிஞ்சும். கதையில் ஆட்கள் நடந்தே போகிறார்கள் என்றால் ஒரு நாளைக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 1 செ.மீ.க்கு 10 கி.மீ. என்றால் படத்தின் அகலம் 370 கி.மீ.; குறுக்கே கடக்கப் பதினைந்து நாள். இது ஒரு மாகாணம். கண்டமே வேண்டுமென்று 1 செ.மீ.க்கு 100 கி.மீ. வைத்தால், நீங்கள் 12 மி.மீ. அகலத்தில் வரையும் ஒரு மலை தரையில் 120 கி.மீ. இடத்தை அடைக்கும். அப்போது அது தனி மலையாக இருக்க முடியாது, ஒரு தொடரின் குறியீடுதான். சிற்றாறுகளும் சிற்றூர்களும் அந்த அளவில் வரவே கூடாது. பல படங்களில் ஏதோ உறுத்துவதற்குக் காரணம் இதுதான்: மலைகள் கண்டத்தின் அளவில், ஓடைகள் கிராமத்தின் அளவில்.

பெயர்ச் சீட்டுகள்

நிலத்தைத் தொடுவதற்கு முன் பெயர்ப் பட்டியலை முடித்துவிடுங்கள். இந்த அளவுக்கு 25 முதல் 40 பெயர்கள் தாராளம். அவற்றை நான்கு தரமாகப் பிரியுங்கள்: நாடும் கடலும், மலைத்தொடரும் பெருங்காடும், நகரம், சிற்றூர். எழுத்தின் உடல் உயரம் முறையே 8, 6, 4, 2.5 மி.மீ. ஒவ்வொரு பெயரையும் அதே உயரத்தில், அதே பேனாவால் ட்ரேசிங் பேப்பரில் எழுதிச் சீட்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலில் நிலம் உருவாகும்போது இந்தச் சீட்டுகளைத் தாள்மேல் நகர்த்திப் பார்த்தால், எந்தப் பெயர் எங்கே உட்காரும், எந்த மலைத்தொடர் இன்னும் இரண்டு செ.மீ. நீள வேண்டும் என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். பெயருக்காக நிலத்தைக் கொஞ்சம் நகர்த்துவதில் தவறே இல்லை. அது நீங்கள் படைத்த நிலம்.

தமிழில் பெயர் எழுதும்போது வரும் சிக்கல்கள் ரோமன் எழுத்து வரைபடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடாது. அங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு வகை இருப்பதால் நாட்டையும் ஊரையும் அதை வைத்தே பிரித்துவிடுவார்கள். நமக்கு உயரம், கோட்டின் தடிமன், நிறம், சாய்வு ஆகிய நான்கும்தான். சாய்வை நீருக்கு ஒதுக்குங்கள்: கடல், ஏரி, ஆறு எல்லாம் பத்துப் பதினைந்து டிகிரி வலப்புறம் சாய்ந்து, நிலத்தின் பெயர்கள் நிமிர்ந்து. நீருக்குச் சாய்வெழுத்து என்பது அச்சு வரைபடங்களில் நன்கு ஊறிய வழக்கம். சாய்வெழுத்தை வரைபடத்தில் பரப்பியவர்களில் 16ஆம் நூற்றாண்டு வரைபடக் கலைஞர் மெர்கேட்டருக்கு முக்கிய இடமுண்டு. அந்தக் கையெழுத்தைக் கற்பிக்க 1540இல் ஒரு கையேடே வெளியிட்டார்.

கி, கீ போன்றவற்றின் மேல்விலங்கு மேலே எழும்பும். கு, மூ, று கீழே இறங்கும். ஆகவே 4 மி.மீ. உடலுள்ள பெயருக்கு மேலே 2, கீழே 2 என்று 8 மி.மீ. பட்டை தேவை. நான்கு கோடு போட்டு எழுதுங்கள். 2.5 மி.மீ.க்குக் கீழே போனால் மூன்று சுழி ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுக் கரும்புள்ளியாகிவிடும். சிற்றூர்ப் பெயர்களை 0.2 மி.மீ. முனையால் எழுதுவதே பாதுகாப்பு.

ஊரைக் குறிக்கக் கரும்புள்ளி வைக்காதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் வரும் புள்ளி மெய்யெழுத்தின் புள்ளியோடு குழம்பும். ‘கல்’ என்பதன் முடிவுக்குச் சற்று மேலே ஊர்ப்புள்ளி வந்தால் இரண்டு புள்ளி வைத்த மாதிரி தெரியும். 2 மி.மீ. வெற்று வட்டம், சதுரம், சிறு கோபுர வடிவம் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைத்தொடர் நெடுகப் பெயரைப் பரப்பி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். இடைவெளி எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில்தான் விழ வேண்டும். எழுத்துக்கும் அதன் துணைக்காலுக்கும் நடுவில் விழவே கூடாது. ‘மாமலை’யின் துணைக்கால் 5 மி.மீ. தள்ளிப்போனால் படிப்பவர் ‘மரமலை’ என்பார். கொ, கோ, கை எல்லாம் கொம்போடு சேர்த்து ஒரே கட்டி. எழுத்துகளின் நடுப்புள்ளியைச் சம தூரத்தில் குறித்துக்கொண்டு எழுதினால் ‘ணை’ போன்ற அகல எழுத்துகள் பக்கத்து எழுத்தை நெருக்கும். ஆகவே இடைவெளிகளைத்தான் சமமாக்க வேண்டும், நடுப்புள்ளிகளை விட்டுவிடலாம். வளைவாக எழுதினால் ஒவ்வொரு எழுத்தின் அடியும் வளைகோட்டில் நிற்கட்டும்.

எங்கே வைப்பது? ஊர்ப் பெயருக்கு மிகச் சிறந்த இடம் குறியீட்டுக்கு வலப்புறம், சற்று மேலே. சுவிஸ் வரைபடக் கலைஞர் எடுவார்ட் இம்ஹோஃப் வகுத்துச் சொன்ன விதிகளில் இதுவும் ஒன்று. கரையோர ஊரின் பெயரைக் கடலுக்குள் எழுதுங்கள்; அங்கே இடமும் இருக்கும், கரைக்கோட்டையும் வெட்டாது. ஆற்றங்கரை ஊரின் பெயர், ஊர் இருக்கும் கரையிலேயே இருக்கட்டும்.

பென்சிலில் நிலம்

எச்பி அல்லது எச் பென்சில், அழுத்தாமல். 2எச் பென்சில் தாளில் பள்ளம் போடும். பிறகு வாஷ் போடும்போது வண்ணம் அந்தப் பள்ளத்தில் தேங்கி, அழித்த கோடு திரும்ப எழுந்து வரும். ரஃப் வேலையெல்லாம் மெல்லிய தாளில் முடித்து, அதன் பின்பக்கம் பென்சில் கரியைத் தேய்த்து, நல்ல தாளுக்கு மாற்றுவதே நல்லது. கார்பன் பேப்பர் வேண்டாம். அதன் மெழுகுக் கோடு அழியாது, மையையும் ஒட்டவிடாது.

முதலில் கரைக்கோடு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நெளியும் கரைதான் கற்பனைப் படங்களின் பொதுவான குறை. மலை கடலில் வந்து முடியும் இடத்தில் கரை உடைந்து, குறுகிய ஆழமான விரிகுடாக்களும் பாறைத் தீவுகளுமாக இருக்கும். சமவெளி முடியும் இடத்தில் நீண்ட, மெதுவான வளைவு. மணல்திட்டுக்குப் பின்னால் காயல். பெரிய ஆறு சேரும் இடத்தில் கழிமுகம் கடலுக்குள் புடைத்து நிற்கலாம். பத்து செ.மீ. கரைக்குள் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு மாறி மாறி வந்தால் கரை உயிர்பெறும்.

அடுத்து மலைமுகடு. தனித்தனி மலைகளை இப்போது வரையாதீர்கள். தொடர் போகும் பாதையை ஒரே கோடாக இழுத்து, அதிலிருந்து கிளைகள் பிரியுங்கள். ஆறு அதற்குப் பிறகுதான், ஏனென்றால் ஆறு எங்கே பிறக்கும் என்பதை முகடுதான் தீர்மானிக்கிறது.

ஆற்றில்தான் மிக அதிகமான பிழைகள் நேர்கின்றன. ஆறுகள் கீழ்நோக்கிப் போகும்போது சேரும், பிரியாது. கழிமுகம் மட்டும் விலக்கு. தென்னமெரிக்காவில் ஒரினோகோ ஆற்றையும் அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவையும் இணைக்கும் கசிகியாரே போன்ற இயற்கைக் கிளைப்பு உலகிலேயே அபூர்வம். படத்தில் வேண்டுமென்றால் ஒன்று வையுங்கள், அதற்கொரு கதையும் வையுங்கள். ஏரிக்குள் எத்தனை ஆறு வேண்டுமானாலும் வரலாம், வெளியே போவது ஒன்றுதான். வெளியேற வழியே இல்லாத ஏரி காஸ்பியன் கடலைப் போல உப்பாகிவிடும். ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடியும் நீர்க்கோடு ஆறு ஆகாது, அது நீரிணை. துணையாறு முதன்மை ஆற்றோடு சேரும் கூர்ங்கோணம் நீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். கோணம் திரும்பிவிட்டால் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுவதாகக் கண் படிக்கும்.

காடு, பாலை இரண்டுக்கும் காற்றின் திசையை ஒரு மூலையில் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள். கடற்காற்று மோதும் சரிவில் மழை, காடு. மறுபக்கம் வறட்சி. ஆண்டீஸின் மேற்கே தெற்குச் சிலி நனைய, கிழக்கே பட்டகோனியா காய்ந்து கிடப்பது இதனால்தான். மலைக்கு இரு பக்கமும் அடர்காடு வரைந்துவிட்டு நடுவில் காரணமில்லாமல் பாலைவனம் வைத்தால் நிலவியல் படிக்காதவர்களுக்கும் ஏதோ இடிக்கும்.

மை

நிப்புக்கு நீர்புகா நிறமி மை. ஃபைன்லைனரென்றால் (மெல்லிய நார்முனைப் பேனா) நிறமி மை உள்ளது. சாய மை பிரஷ் பட்டதும் கரைந்தோடும், வெளிச்சத்தில் வெளிறும். மரபான இந்தியன் இங்க்கில் கரியும் அரக்கும் இருக்கும். அதை ஒருபோதும் ஃபவுன்டன் பேனாவில் ஊற்றக் கூடாது. உள்ளே காய்ந்து இறுகினால் பேனா போயிற்று. ஃபைன்லைனர் மூடியிலுள்ள எண்ணை மில்லிமீட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். சகுரா பிக்மா மைக்ரானில் 005 என்பது 0.20, 01 என்பது 0.25, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50 மி.மீ. கரைக்கு 05, மலை வெளிக்கோட்டுக்கு 03, முகட்டுக்கு 01, நுண்கோட்டுக்கு 005 போதும்.

நிப்பின் கோடு அழுத்தத்துக்கேற்பத் தடித்து மெலியும். ஃபைன்லைனரில் அது கிடைக்காது. மலையும் ஆறும் நிப்பில் வரைந்தால் அழகே தனி. புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். பற்பசையால் தேய்த்துக் கழுவாவிட்டால் மை உருண்டு திரண்டு சட்டென்று சொட்டும். நிப்பின் துளையில் பாதிவரை மட்டும் தோயுங்கள். கோட்டை எப்போதும் உங்களை நோக்கியோ பக்கவாட்டிலோ இழுங்கள். முன்னோக்கித் தள்ளினால் முனை தாளில் குத்தித் தெறிக்கும். கோடு திடீரென்று மயிர் விட்டதுபோல் அகன்றால் நிப்பின் பிளவில் தாள் இழை சிக்கியிருக்கிறது, ஈரத்துணியால் துடையுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பது பழக்கமாகட்டும்.

வரைவதற்கு முன் அதே தாளின் துண்டில் பத்துக் கோடு போட்டு, பத்து நிமிடத்தில் ஒன்று, ஒரு மணியில் ஒன்று, மறுநாள் ஒன்று என ஈரப் பிரஷால் தேய்த்துப் பாருங்கள். புட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருப்பது உங்கள் தாளுக்கும் பொருந்துகிறதா என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும்.

மையிலும் எழுத்துதான் முதலில். பெரிய காரணம் ஒன்று: எழுத்தில் கை தவறினால் அந்தக் கட்டத்தில் இழப்பது ஒரு பென்சில் படம் மட்டுமே. எல்லா மலையும் வரைந்தபின் தவறினால் இழப்பு மிகப் பெரிது. எழுத்து காய்ந்தபின் கரை, அடுத்து ஆறு, ஊர்க்குறி, மலை, காடு, கடைசியில் சாலை. எழுத்தைச் சுற்றி 1 மி.மீ. இடம் விட்டு எல்லாக் கோடும் நிற்க வேண்டும். கரைக்கோடேயானாலும் சரி, பெயர் குறுக்கிட்டால் கோடு உடையட்டும்.

ஆற்றை முகத்துவாரத்தில் தொடங்கி மேலே போங்கள். நிப்பை அழுத்தித் தொடங்கி, துணையாறு ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் அழுத்தத்தைக் குறைத்து, ஊற்றுக்கண்ணில் தாளைவிட்டு எடுங்கள். துணையாறு சேர்ந்த இடத்துக்கு மேலே கோடு மெலிய வேண்டும் என்ற கணக்கு இதில் தானாகவே சரியாக விழும். நீண்ட முடியுள்ள ரிகர் பிரஷ் இருந்தால் இதை அதிலேயே செய்யலாம்.

மலைக்கு வருவோம். முன்னால் இருப்பது, அதாவது தாளில் கீழே இருப்பது, முதலில். பின்னால் உள்ள மலையின் கோடு முன்மலையைத் தொடுமிடத்தில் நின்றுவிடும். மேலிருந்து கீழே வரைந்து வந்தால் முன்மலைக்குள் பின்மலையின் அடிக்கோடு தெரியும். அதை மறைக்க வழியில்லை. வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருகிறது என்று முழுப் படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வரைபட மரபும் அதுதான்.

ஒரு மலையை நெருங்கிப் பார்க்கலாம். அகலம் 14 மி.மீ., உயரம் 11 மி.மீ. உச்சியை நடுவில் வைக்காமல் இடப்புறம் 2 மி.மீ. தள்ளி வையுங்கள். இடச்சரிவை மெல்லிய கோட்டில், இரண்டு மூன்று உடைவோடு இறக்குங்கள். வலச்சரிவைச் சற்று அழுத்தமாக, நீளமாக. இரண்டு கோடும் அடியில் தரையைத் தொடாமல் காற்றில் முடியட்டும். அடிக்கோடு போட்டு மூடினால் மலை முக்கோண அட்டையாகிவிடும். இப்போது உச்சியிலிருந்து முகட்டுக்கோடு: முதலில் வலப்பக்கம் 2 மி.மீ., பிறகு இடப்பக்கம் 3, மறுபடி வலம் 2 என்று வளைந்து வளைந்து, மலையின் முக்கால் உயரம்வரை இறங்கி மங்கும். இந்த ஒரே கோடுதான் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பிரிக்கிறது. அதன் ஒவ்வொரு வலத்திருப்பத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கிளைமுகடு. பிறகு 005 பேனாவில் நிழல்: முகட்டிலிருந்து தொடங்கி வலச்சரிவின் சாய்வை ஒட்டியே இறங்கும் நுண்கோடுகள், உச்சிக்கருகில் அரை மி.மீ. இடைவெளி, கீழே வர வர 1 மி.மீ. ஒவ்வொரு கோட்டையும் கீழே முடிக்கும்போது பேனாவைத் தூக்கிவிடுங்கள், முனை மெலியும். குறுக்கே சமதளக் கோடு போட்டால் சரிவு தட்டையாகிவிடும். இடப்பக்கத்தில் இரண்டு சிறு கோட்டுக்குமேல் எதுவும் வேண்டாம். அந்த வெள்ளைதான் மலையின் வெளிச்சம்.

தொடரின் நடுவில் 12 முதல் 15 மி.மீ. மலைகள், ஓரத்துக்கு வர 6 முதல் 8, அதற்கப்பால் வெறும் வளைகோடாகக் குன்றுகள். எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால் ரம்பப் பல்தான். மலையைப் பக்கவாட்டிலும் கரையை மேலிருந்தும் பார்ப்பது முரணல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் முழுக்க அப்படித்தான். எல்லாமே மேலிருந்து பார்த்த மாதிரி வேண்டுமென்றால், ஜெர்மானிய வரைபடக் கலைஞர் யோஹான் கியோர்க் லேமன் 1799இல் முறைப்படுத்திய ஹஷூர் கோடுகள் இருக்கின்றன: சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கோடு தடிக்கும், சமதளம் வெள்ளையாக நிற்கும். கோட்டைச் சுற்றுப்புறம், ஒரு பள்ளத்தாக்கு போன்ற சிறு நிலப்பரப்புக்கு அது மிகப் பொருத்தம்.

காட்டில் ஒவ்வொரு மரத்தையும் வரைய வேண்டியதில்லை. கீழ் ஓரத்தில் மட்டும் தண்டோடு கூடிய முழு மரங்கள், 4 மி.மீ. உயரத்தில், நெருக்கி. மேல் ஓரத்தில் கிளைவிளிம்பு வளைவுகள் மட்டும். நடுவில் ஆங்காங்கே மூன்று வளைவுகளாகச் சில. காட்டின் பெயர் உட்கார நடுவில் விட்ட வெள்ளை அப்படியே இருக்கட்டும். சாலை விட்டு விட்டுப் போகும் சிறு கோடுகளாக: 2 மி.மீ. கோடு, 1 மி.மீ. இடைவெளி. மலைத்தொடரைக் கடக்குமிடத்தில் கணவாய்க்குத் தாழ்ந்த இரண்டு மலைகள் வைத்திருந்தால் சாலைக்கு நியாயம் கிடைக்கும்.

கடலுக்குக் கரையை ஒட்டி அலைக்கோடுகள் போடுவது பழைய முறை. கரையிலிருந்து 1 மி.மீ. தள்ளி முதல் கோடு, அடுத்தது 1.5, பிறகு 2.2, பிறகு 3. கோடு வெளியே போகப் போக மெலிய வேண்டும். கரையின் ஒவ்வொரு நெளிவையும் பின்பற்றினால் மூன்றாவது கோட்டில் கூர்மையான மூலைகள் மோதிக்கொள்ளும். முதல் கோடு கரையை ஒட்டட்டும், அடுத்தடுத்தவை மெல்ல மழுங்கட்டும். அலைக்கோடும் போட்டு, அதன்மேல் அழுத்தமான நீல வாஷும் போடுவதில் பயனில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலியான கடலில் மிருகம் வரைய ஆசை வருவது இயல்பு. சுவீடன் பாதிரியார் ஓலாவுஸ் மாக்னுஸின் 1539ஆம் ஆண்டுக் கடல் வரைபடத்தில் கடலெங்கும் அவை நீந்துகின்றன. ஏ3க்கு ஒன்று போதும், அதற்கும் பென்சில் கட்டத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிசைகிற ரப்பரால் ஒற்றி ஒற்றிப் பென்சிலை எடுங்கள். கடின ரப்பரால் தேய்த்தால் ஃபைன்லைனர் கறுப்பு சாம்பலாகும். வாஷ் போட்ட பிறகு அதன் அடியிலுள்ள பென்சில் பெரும்பாலும் வராது, ஆகவே இப்போதே முழுக்க அழித்துவிட வேண்டும். பலகையோடு சேர்த்து ஸ்கேனரில் வைக்க முடியாதென்றால் நேர் மேலிருந்து நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வண்ணம் பிழைத்தாலும் மைப்படம் கையிலிருக்கும்.

பிரஷ்

மூன்று போதும்: 8ஆம் எண் வட்டப் பிரஷ், 2ஆம் எண் வட்டப் பிரஷ், கடலுக்கு 25 மி.மீ. தட்டைப் பிரஷ். வண்ணம் நான்கு: அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், சாப் கிரீன். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும், மலை நிழலெல்லாம் அதுவே. வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் சற்று அதிகமாகத் தோன்றும் அளவே சரி.

கடல் முதலில், ஏனென்றால் கெடுவதற்கு அதிக வாய்ப்பு அதற்குத்தான். குறைந்தது 30 மில்லி கலவை தயாராக இருக்கட்டும். பாதியில் தீர்ந்து புதிதாகக் கலந்தால் நிறம் ஒட்டாது, நடுவில் விளிம்பு விழும். கரையை ஒட்டிய பட்டை மட்டும் அழுத்தமாக வேண்டுமென்றால், 8ஆம் எண் பிரஷால் கரையோரம் 5 செ.மீ. நீளத்துக்கு வண்ணம் இட்டு, அது பளபளக்கும்போதே வெறும் தண்ணீர் தொட்ட பிரஷால் வெளி விளிம்பைக் கடல் பக்கம் இழுங்கள். அடுத்த 5 செ.மீ.யை முந்தையதன் முனை காயுமுன் தொடங்க வேண்டும். பளபளப்பு போய் மங்கலான ஈரம் இருக்கும் நேரத்தில் அதைத் தொடவே கூடாது. அப்போது விழும் ஒரு துளி நீர், காய்ந்துகொண்டிருக்கும் நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் குவிக்கும். காய்ந்ததும் பூப்பூவாகக் கறை. அப்படி ஆனால் முழுதும் காயவிட்டு, இன்னொரு மெல்லிய வாஷை மேலே போட்டு அடக்கலாம்.

கடல் முழுதும் காய்ந்தபின் நிலத்துக்கு நீர்த்த யெல்லோ ஓக்கர், அதுவும் காய்ந்தபின் காட்டுக்கு சாப் கிரீனில் துளி பர்ன்ட் சியன்னா. டியூபிலிருந்து வரும் பச்சை தனியாகப் போட்டால் கத்தும். மலையில் முகட்டுக்கோட்டுக்கு வலப்பக்கம் மட்டும் சாம்பல் ஒரே தொடுப்பில், அடியை ஈரப் பிரஷால் கரைத்துவிட வேண்டும். இடப்பக்கம் தாளின் நிறமே. நாட்டு எல்லைக்கு எல்லைக்கோட்டின் உட்பக்கம் 4 மி.மீ. பட்டை, உள் விளிம்பைக் கரைத்துவிட்டு. கையால் வண்ணம் தீட்டிய பழைய செம்புத்தகட்டு வரைபடங்களில் இதே வேலையைப் பார்க்கலாம். நாடு முழுக்கத் தனித்தனி நிறம் பூசினால் மலையும் காடும் அமுங்கிப்போகும்.

மைச்சொட்டு விழுந்தால் தேய்க்காமல் தாளின் முனையால் உறிஞ்சி எடுத்து, காயவிட்டு, புது பிளேடால் படுக்கைவாட்டில் மெதுவாகச் சுரண்டுங்கள். 300 ஜி.எஸ்.எம். தாள் இதைத் தாங்கும். பிறகு மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சுரண்டிய இடத்தில் தாளின் மேற்பூச்சு போய்விட்டதால் நிப் மை அங்கே பரவும். ஃபைன்லைனரால் மட்டும் திருத்துங்கள். அங்கே வாஷும் அடர்ந்து பிடிக்கும், ஆகவே சுரண்டலை வண்ணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது மேல். கடலில் விழுந்த சொட்டைப் பாறைத்தீவாக மாற்றுவது எல்லாவற்றையும்விட எளிது. சாயமேற்றிய தாளில் வெள்ளை மையால் மறைப்பது மட்டும் எடுபடாது, தூரத்திலிருந்தே தெரியும்.

சட்டக்கோடும் அளவுப் பட்டையும் திசைகாட்டியும் கடைசி. ஸ்கேலின் சரிந்த விளிம்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். அல்லது அடியில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி விளிம்பைத் தாளிலிருந்து தூக்குங்கள். இல்லாவிட்டால் மை ஸ்கேலுக்கு அடியில் ஊர்ந்து பரவும். திசைகாட்டிக்கு எட்டு முனை போதும், 32 முனை 4 செ.மீ. வட்டத்தில் அடைந்துவிடும். அளவுப் பட்டையை ஐந்து கட்டமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்கி, கி.மீ.க்குப் பதிலாக ஒரு நாள் நடை, இரண்டு நாள் நடை என்று எழுதலாம். முதலில் போட்ட கணக்குப்படி 2.5 செ.மீ. ஒரு நாள். எல்லாம் முற்றிலும் காய்ந்தபின் பசைத்தாள் டேப்பின் உள்விளிம்பில் பிளேடால் வெட்டித் தாளைப் பலகையிலிருந்து எடுங்கள். ஒரு பக்கத்தை வெட்டியபின் அடுத்து எதிர்ப்பக்கம் வெட்டாமல், பக்கத்திலுள்ள விளிம்புக்குப் போய்ச் சுற்றி வந்தால் தாள் கிழியாமல் தளரும்.